பணத்தை எண்ணத்தானே செய்கிறோம், அப்புறம் 'மணி' எப்படி அன்கவுண்டபிள்?

வார்டு நைட்ஷிஃப்ட்:

வணக்கம். நான் நர்ஸ், எட்டு வருடமாக வார்டில் வேலை. இப்போது ஓஇடி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன், வெளிநாட்டில் வேலைக்குப் போகிற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு அது. அதில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். ஒரு நோயாளியின் கேஸ் குறிப்புகளைக் கொடுத்து, 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுதச் சொல்வார்கள், பெரும்பாலும் இன்னொரு டாக்டருக்கு அனுப்புகிற ரெஃபரல் கடிதம். பயிற்சிக்கு நான் எழுதிக் கொடுத்தது நேற்று திரும்பி வந்தது. நோய் விவரம், மருந்து, அளவு எதிலும் தப்பில்லை. ஆனால் "மெனி அட்வைஸஸ்", "ஃபர்தர் இன்ஃபர்மேஷன்ஸ்", "இக்விப்மென்ட்ஸ்", "எ குட் ப்ராக்ரஸ்" இந்த நாலையும் சிவப்பில் சுழித்து, பக்கத்தில் அன்கவுண்டபிள் என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது.

எண்ண முடிந்தது கவுண்டபிள், எண்ண முடியாதது அன்கவுண்டபிள் என்று சின்ன வகுப்பில் படித்தது நினைவிருக்கிறது. தண்ணீர், பால், மணல், காற்று எல்லாம் புரிகிறது. ஆனால் அறிவுரையை எண்ணலாமே? உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்று சொன்னால் மூன்று அறிவுரை. வார்டில் இருக்கிற கருவிகளை ஷிஃப்ட் மாறும்போது நான்தான் ஒவ்வொன்றாக எண்ணி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிறேன். பணம் எண்ணாத ஆள் உண்டா? இதெல்லாம் அன்கவுண்டபிள் என்றால் அப்புறம் எண்ணுவது என்பதற்கு என்னதான் அர்த்தம்? பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய் என்று சொல்லாமல் யாராவது காரணத்தைச் சொல்லுங்கள். இருக்கிற நேரம் குறைவு, ஆனால் புரியாமல் படித்தால் எனக்கு நிற்காது.

கரும்பலகை:

நல்ல கேள்விம்மா. நான் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள். உனக்குச் சொல்லிக்கொடுத்த விதியே அரைகுறை, அதனால்தான் இந்தக் குழப்பம். எண்ண முடியுமா என்று பொருளைப் பார்த்துக் கேட்கக் கூடாது, சொல்லைப் பார்த்துக் கேட்க வேண்டும். நீ சம்பளத்தை எண்ணும்போது வாயில் என்ன வருகிறது? ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. அதாவது ரூபாயை எண்ணுகிறாய், நோட்டை எண்ணுகிறாய். ஒரு பணம், இரண்டு பணம் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆங்கிலத்திலும் ருபீ, நோட், காயின் எல்லாம் கவுண்டபிள். மணி அப்படியில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். "புத்தகம் வாங்கினேன்" என்று தமிழில் சொல்கிறோம். ஒன்றா பத்தா? அந்த வாக்கியம் சொல்லவில்லை, கேட்கிறவரும் கவலைப்படவில்லை, தேவைப்பட்டால் பிறகு கேட்டுக்கொள்வார். ஆங்கிலத்தில் இப்படி விட முடியாது. "ஐ பாட் புக்" என்று சொல்லவே முடியாது. "எ புக்" என்றோ "புக்ஸ்" என்றோ வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். எண்ணிக்கையைச் சொல்லாமல் நகர விடாத மொழி அது. அப்படிப்பட்ட மொழியில், இந்தக் கேள்வியையே என்னிடம் கேட்காதே என்று விலக்கு வாங்கிய சில சொற்கள் இருக்கின்றன. வாட்டர், மணி, அட்வைஸ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர், லக்கேஜ். அவற்றுக்கு முன்னால் 'எ' வராது, பின்னால் 'எஸ்' வராது, வெறுமனே நிற்கும். அன்கவுண்டபிள் என்பதற்கு அர்த்தம் இவ்வளவுதான். பொருளை எண்ண முடியாது என்று அது சொல்லவே இல்லை.

நான் வகுப்பில் வைக்கிற சோதனை: "ஐ நீட்" என்று தொடங்கி அந்தச் சொல்லை வெறுமனே போட்டுப் பார். "ஐ நீட் வாட்டர்", "ஐ நீட் அட்வைஸ்", "ஐ நீட் மணி" நிற்கும். "ஐ நீட் சேர்" நிற்காது, விழும். காதுக்கு இது பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவுதான்.

அப்புறம் பெரும்பாலும் பக்கத்திலேயே எண்ணக்கூடிய இன்னொரு சொல் இருக்கும், அதை ஜோடியாகப் பிடித்துக்கொள். வொர்க் எண்ண முடியாது, ஜாப் எண்ணலாம். லக்கேஜ் முடியாது, பேக் எண்ணலாம், சூட்கேஸ் எண்ணலாம். மெஷினரி, மெஷின். பொயட்ரி, பொயம். ட்ராவல், ஜர்னி. உன் வார்டுக்கு வந்தால் இக்விப்மென்ட் எண்ண முடியாது, மானிட்டர், பம்ப், சிலிண்டர் எல்லாம் எண்ணலாம். ரிஜிஸ்டரில் நீ எண்ணிக் கையெழுத்துப் போட்டது இவற்றைத்தான்.

கட்ஆஃப்:

மேடம் சொன்னது சரிதான், ஆனால் தேர்வுக்குப் போகிறவருக்கு இவ்வளவு தத்துவம் வேண்டாம் என்பது என் கருத்து. வங்கித் தேர்வுக்கும் டிஎன்பிஎஸ்சிக்கும் பயிற்சி கொடுக்கிறேன். பிழை கண்டுபிடி பகுதியில் இந்தத் தலைப்பில் திரும்பத் திரும்ப வருகிறவை ஒரு நாற்பது சொல்லுக்குள்தான். "தி சீனரீஸ் ஆஃப் காஷ்மீர் ஆர் பியூட்டிஃபுல்" என்ற வாக்கியத்தைப் பார்க்காமல் இந்த ஊரில் யாராவது போட்டித் தேர்வு எழுதியிருக்கிறார்களா? சீனரிக்கு எஸ் கிடையாது, ஆர் இஸ் ஆகும், மதிப்பெண் வாங்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டியதுதான்.

சீனரி, ஃபர்னிச்சர், லக்கேஜ், பேகேஜ் (பயணச் சுமை), இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எவிடன்ஸ், இக்விப்மென்ட், மெஷினரி, ஜுவல்லரி, ஸ்டேஷனரி, ஹோம்வொர்க், நாலெட்ஜ், ப்ராக்ரஸ், ட்ராஃபிக், வெதர், லக், நியூஸ். இந்தப் பதினெட்டை இன்று இரவு பத்து தடவை எழுதுங்கள், பாதி வேலை முடிந்தது. காரணம் தெரிந்தால் அரை நிமிடத்தில் விடை வராது, சொல் தெரிந்தால்தான் வரும்.

வார்டு நைட்ஷிஃப்ட்:

கரும்பலகை அம்மாவுக்கு நன்றி, ஜோடி முறை எனக்கு உடனே ஒட்டிவிட்டது. கட்ஆஃப் அண்ணா, உங்கள் தேர்வில் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும், என் தேர்வில் நானே எழுத வேண்டும். 200 சொல்லில் ஒரு இருபது பெயர்ச்சொல்லாவது பட்டியலுக்கு வெளியே இருக்கும். அங்கே எதை வைத்து முடிவு செய்வேன்?

உரைகல்:

தமிழ் படித்தவன், ஆங்கிலத்தில் ஆழம் கிடையாது, ஆனால் இந்தப் பேச்சில் நம் இலக்கணத்துக்குப் பெரிய இடம் இருப்பதாகப் படுகிறது. கரும்பலகை டீச்சர் "புத்தகம் வாங்கினேன்" என்று காட்டியதை நன்னூல் பெயர் வைத்தே சொல்கிறது, பால்பகா அஃறிணைப் பெயர். பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். மாடு வந்தது, மாடு வந்தன. மாடு என்ற சொல்லில் ஒருமை பன்மை கிடையாது, பின்னால் வரும் வினையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். கள் விகுதி நம்மிடம் உண்டு, ஆனால் உயிரற்றவற்றுக்குக் கட்டாயமில்லை. பத்துப் பழம், நாலு மரம், மூன்று ஊசி என்று தாராளமாகப் பேசுகிறோம். ஆக, நம்மைப் பொறுத்தவரை பழமும் தண்ணீரும் இலக்கணத்தில் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. பழம் வாங்கினேன், தண்ணீர் வாங்கினேன். இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போட வேண்டிய அவசியமே நமக்கு வந்ததில்லை. எஸ் போடுவது பன்மைக்கு மரியாதை என்று நினைத்துப் போடுகிறோம், அதனால்தான் அட்வைஸஸ் வருகிறது. கவனக்குறைவு என்று இதைச் சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்." முதல் சோறு பானை நிறைய இருக்கிறது, அளந்தால்தான் உண்டு. இரண்டாவது சோறு ஒற்றைப் பருக்கை, எண்ணியாயிற்று. ஒரே பழமொழிக்குள் ஒரே சொல் இரண்டு வேலையும் செய்கிறது. பணம் என்பதும் அப்படித்தான். "கால் பணம் சுண்டைக்காய்க்கு முக்கால் பணம் சுமைகூலி" என்கிற காலத்தில் பணம் என்பது ஒரு நாணயம். அப்போது ஒரு பணம், இரண்டு பணம் என்று எண்ணினார்கள். இன்று அதே சொல்லை எண்ணுவதில்லை. டீச்சர் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள், பொருளை விட்டுவிட்டுச் சொல்லைப் பார்க்க வேண்டும்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நால்வகை அளவை நமக்கு உண்டு. எண்ண முடியாததை எடைபோடு, முகந்து பார், நீட்டி அள. பூவை முழத்தில், கீரையைக் கட்டில், வாழைப்பழத்தைச் சீப்பில், உப்பைச் சிட்டிகையில். ஆங்கிலக்காரனும் இதையே செய்கிறான் என்று நினைக்கிறேன், ஆங்கிலம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை:

ஐயா, அப்படியே செய்கிறார்கள். எ லோஃப் ஆஃப் ப்ரெட், எ பார் ஆஃப் சோப், எ ஷீட் ஆஃப் பேப்பர், எ க்ரெயின் ஆஃப் ரைஸ், எ ப்ளேட் ஆஃப் க்ராஸ். நாம் "ரெண்டு சோப்பு குடுங்க" என்று கடையில் கேட்கிறோம், அங்கே "டூ பார்ஸ் ஆஃப் சோப்". எதற்கு என்ன அளவுச்சொல் என்று தெரியவில்லையா, பீஸ் என்ற ஒரு சொல் பெரும்பாலான இடத்தில் காப்பாற்றும். எ பீஸ் ஆஃப் அட்வைஸ், எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர், எ பீஸ் ஆஃப் இக்விப்மென்ட். நாங்கள் தினமும் கையில் பிடிக்கிற சாக்பீஸ் கூட அதுதான். சாக் என்றால் எண்ண முடியாத சுண்ணக்கட்டி, எ பீஸ் ஆஃப் சாக் என்றால் ஒரு துண்டு. இந்த ஊரில் அதையே ஒட்டி ஒரு சொல்லாக்கி "நாலு சாக்பீஸ் எடுத்துட்டு வா" என்கிறோம். நம் ஆட்கள் எவ்வளவு அழகாக அதை எண்ணக்கூடியதாக மாற்றியிருக்கிறார்கள்!

மீல்ஸ் இதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் அது பன்மை, நமக்கு "ஒரு மீல்ஸ்", "ரெண்டு மீல்ஸ்". சாப்பாட்டு இலையை ஒன்றாகப் பார்த்தோம், எஸ் நம் கண்ணுக்கே தெரியவில்லை. தமிழுக்குள் அது தவறே இல்லை. அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குள் கொண்டுபோகும்போதுதான் சிக்கல்.

ரைன்நதிக்கரை:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜேர்மனியில் இருக்கிறேன். என்ரை மகள் பள்ளியில் ஆங்கிலம் படிக்கத் தொடங்கின நேரம் இதே பிழைகளை விட்டாள். அவளுக்குத் தமிழைவிட ஜேர்மன் மொழிதான் சரளம், ஆனபடியால் தமிழ்தான் காரணம் என்று சொல்ல ஏலாது. விஷயம் என்னவென்றால் ஜேர்மன் மொழியில் இன்ஃபொர்மாட்சியோன் என்ற சொல்லுக்குப் பன்மை உண்டு, இன்ஃபொர்மாட்சியோனன். வீட்டுப்பாடம் பன்மையில்தான் பெரும்பாலும் வரும். செய்தியும் பன்மை. தளபாடத்துக்கு மேபல் என்று பன்மைச் சொல். தலைமயிரைக்கூட ஹாரே என்று பன்மையில் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு அவ்வளவு நெருங்கின மொழியிலேயே இப்படி. பிரெஞ்சிலும் தகவலுக்கும் தளபாடத்துக்கும் பன்மை இருக்கிறது.

ஆகவே உலகத்தில் தகவல் என்பது எண்ணக்கூடியதா என்று யோசிப்பதில் பலன் இல்லை, ஆங்கிலம் அதை எப்படி வைத்திருக்கிறது என்று மட்டும் பார்க்க வேணும். நான் மகளுக்கு எழுதிக் கொடுத்தது: சொல்லைத் தனியாகப் படிக்காதே, அதன் கூட்டாளியோடு படி. "அட்வைஸ்" என்று கொப்பியில் எழுதாமல் "சம் அட்வைஸ்" என்று எழுது. "ப்ராக்ரஸ்" என்று எழுதாமல் "மேக் குட் ப்ராக்ரஸ்" என்று எழுது. ஆறு மாதத்தில் அவளுக்கு யோசிக்காமலே வந்தது.

கட்ஆஃப்:

இது எனக்குப் புதிது, ஏற்றுக்கொள்கிறேன். பட்டியலையே கூட்டாளியோடு கொடுத்தால் இரண்டு தேர்வுக்கும் ஆகும். என் மாணவர்களுக்கு நாளைக்கே மாற்றிக் கொடுக்கப் போகிறேன்.

ஆனால் கரும்பலகை மேடம், அதிகம் குழப்புவது எஸ்ஸில் முடிந்து ஒருமையாக நடக்கும் சொற்கள். நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், மீசில்ஸ். "தி நியூஸ் ஆர்" என்று எழுதிவிட்டு ஏன் தப்பு என்று கேட்கிறார்கள். அப்புறம் போலீஸ், 'கேட்டில்' (மாடுகள்) இரண்டும் எஸ் இல்லாமல் பன்மையாக நடக்கின்றன, "தி போலீஸ் ஹாவ் கம்". இதற்கும் காரணம் இருக்கிறதா?

கரும்பலகை:

காரணம் என்பதைவிட வரலாறு இருக்கிறது. நியூஸ் ஒரு காலத்தில் பன்மைதான், புதியவை என்கிற அர்த்தத்தில். பிறகு மெதுவாக ஒருமையாக ஆகிவிட்டது. பட்டாணிக்கு நடந்தது இதைவிடச் சுவையானது. பழைய ஆங்கிலப் பேச்சில் பீஸ் என்பதே ஒருமை, நம் சோறு மாதிரி குவியலாகப் பார்க்கிற சொல். கடைசியில் இருக்கிற ஒலியைப் பன்மை எஸ் என்று மக்கள் நினைத்துக்கொண்டார்கள், அதைக் கழற்றி பீ என்று ஒரு புது ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். அதாவது அன்கவுண்டபிளாக இருந்தது மக்கள் வாயில் கவுண்டபிளாக மாறியது. வீட், அதாவது கோதுமை, அன்கவுண்டபிள். ஓட்ஸ் பன்மை. இரண்டும் தானியம்தான், கையில் எடுத்தால் ஒரே மாதிரி மணி மணியாகத்தான் இருக்கும். இதில் தர்க்கம் தேடினால் தலைவலிதான் மிச்சம்.

இப்படி ஒரு பிரிவு இருக்கிறது என்று தெளிவாகப் பேசியவர்களில் டென்மார்க்கின் ஓட்டோ யெஸ்பர்சன் முக்கியமானவர், போன நூற்றாண்டின் முதல் பாதியில். சொல் அகராதிக்குள் இந்த அடையாளம் நுழைந்தது ஜப்பானில். அங்கே ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஹார்ன்பியும் அவரோடு இருந்தவர்களும் சேர்ந்து 1942-ல் டோக்கியோவில் கற்போர் அகராதி ஒன்று வெளியிட்டார்கள். அதுதான் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்தது, இன்று நாம் வாங்குகிற அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியின் மூதாதை. ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போலப் பன்மை கட்டாயமில்லை. அங்கே இருந்த மாணவர்களுக்கு என்ன தேவை என்று தெரிந்ததால்தான் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்திலும் சி என்றும் யு என்றும் போட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆங்கிலேயனுக்கென்று எழுதிய பெரிய அகராதியில் இதைத் தேடாதீர்கள். கற்போர் அகராதி வாங்குங்கள்.

நள்ளிரவு டெப்ளாய்:

மன்னிக்கவும், நான் கொஞ்சம் எதிர்ப்பாகப் பேசப் போகிறேன். மென்பொருள் வேலை, ஒரு நாளைக்கு ஐம்பது மெயில் ஆங்கிலத்தில். "ஃபீட்பேக்ஸ்", "சாஃப்ட்வேர்ஸ்", "ஐ ஹாவ் லாட் ஆஃப் வொர்க்ஸ்" என்று எல்லோரும் எழுதுகிறோம், வேலை நடக்கிறது, யாருக்கும் புரியாமல் போனதில்லை. கோடிக்கணக்கான பேர் இந்தியாவில் இப்படிப் பேசும்போது இது நம் ஆங்கிலம் என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? பட்டாணியை ஆங்கிலேயர்கள் மாற்றினால் வரலாறு, இன்ஃபர்மேஷனை நாம் மாற்றினால் பிழையா? பல வருடம் வேலை தெரிந்த ஒரு நர்ஸை ஒரு எஸ்ஸுக்காகத் தடுப்பது அநியாயமாகப் படுகிறது. எனக்கு இது கோபமாகவே இருக்கிறது. என் நண்பர் ஒருவரை ஒரு நேர்காணலில் "ஃபீட்பேக்ஸ்" என்று சொன்னதற்காக எல்லோர் முன்னாலும் திருத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை.

கரும்பலகை:

தம்பி, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இன்னொரு விஷயத்தையும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய ஆங்கிலத்திலேயே இன்ஃபர்மேஷன்ஸ் உண்டு, அட்வைஸஸ் உண்டு. வெளியூரிலிருந்து வந்த செய்திகளை அட்வைஸஸ் என்று பழைய பத்திரிகைகள் எழுதின. சட்டத்தில் மாஜிஸ்ட்ரேட்டிடம் கொடுக்கும் முறையான குற்றச்சாட்டை இன்றைக்கும் "அன் இன்ஃபர்மேஷன்" என்பார்கள். ஆகவே இந்தச் சொற்களை எண்ணுவது மொழிக்கு அடுக்காத செயல் என்றெல்லாம் சொல்ல முடியாது. அலுவலகத்தில் உங்களுக்குள் ஃபீட்பேக்ஸ் என்று எழுதினால் நான் திருத்த மாட்டேன். யாரையும் பத்துப் பேர் முன்னால் திருத்தவும் மாட்டேன், வகுப்பில் குழந்தைகளைக்கூட அப்படிச் செய்ததில்லை.

ஆனால் இந்தப் பெண் எழுதப் போகிற கடிதத்தைத் திருத்துகிறவர் நம் ஊர்க்காரர் இல்லை. அவர் பார்க்கும் வழக்கில் இது பிழை. அவளுக்கு வேலைதான் முக்கியம், அந்த எஸ்ஸை விட்டுக்கொடுப்பதால் அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டு வழக்கும் தெரிந்து, எங்கே எது என்று தேர்ந்தெடுக்கிற நிலைக்கு அவள் வர வேண்டும். தெரியாமல் எழுதுவதும் தெரிந்து எழுதுவதும் ஒன்றாகாது.

ஈரக்குடை:

நான் நாலு வருடமாக இங்கிலாந்தில் வார்டு நர்ஸ். தங்கச்சி, பயிற்சிக் கடிதத்தில் தப்பு வந்தது பற்றிக் கவலைப்படாதே, நானும் இதே இடத்தில்தான் விழுந்தேன். இங்கே வந்த முதல் வாரம் எனக்கு ஆன அதிர்ச்சியைச் சொல்கிறேன். பிளட் அன்கவுண்டபிள், உயிரே போனாலும் எஸ் போடக் கூடாது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். ஷிஃப்ட் ஹேண்ட்ஓவரில் சிஸ்டர் கேட்கிறார், "ஹாவ் ஹிஸ் பிளட்ஸ் பீன் டேக்கன்?" நான் விழித்தேன். பிறகுதான் புரிந்தது, ரத்தப் பரிசோதனைக்கு எடுக்கும் சாம்பிள்களை இங்கே எல்லோரும் பிளட்ஸ் என்கிறார்கள். டீ கேட்டால் "டூ ஷுகர்ஸ்?" என்பார்கள். சர்க்கரையை எண்ணுகிறார்கள், அதாவது கரண்டியை எண்ணுகிறார்கள்.

நோய்ப் பெயர்களில் நீ கவனிக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். தலைவலி எ ஹெடேக், சளி எ கோல்ட், எ ஸ்ட்ரோக், எ ஹார்ட் அட்டாக், எ ஃப்ராக்சர், அன் அலர்ஜி. வந்து போகிறவை, நடந்து முடிகிறவை பெரும்பாலும் எண்ணக்கூடியவை. டயபிடீஸ், ஆஸ்துமா, ஹைபர்டென்ஷன், நியூமோனியா இதற்கெல்லாம் எ கிடையாது. "ஷீ ஹாஸ் எ ஹைபர்டென்ஷன்" என்று நான் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன். அப்புறம் சர்ஜரி. நம் ஊரில் "எ சர்ஜரி" என்று சாதாரணமாக எழுதுவோம். இங்கே எ சர்ஜரி என்றால் தெருமுனையில் இருக்கிற ஜிபி டாக்டரின் கிளினிக். நோயாளிக்கு நடந்தது "சர்ஜரி" அல்லது "அன் ஆபரேஷன்". இந்த ஒன்று கடிதத்தின் அர்த்தத்தையே மாற்றிவிடும்.

உரைகல்:

சகோதரி சொன்ன இரண்டு சர்க்கரை இருக்கிறதே, அதற்கு நம்மிடம் அழகான பெயர் இருக்கிறது. "பாலை வண்டியில் ஏற்று" என்றால் பாலை ஊற்றச் சொல்லவில்லை, பால் இருக்கிற பாத்திரத்தை ஏற்றச் சொல்கிறோம். உள்ளே இருப்பதன் பெயர் பாத்திரத்துக்கு ஆகி வருவது, தானியாகுபெயர். டீக்கடையில் "ரெண்டு டீ" என்கிறோமே, அதுவும் இதுதான். எண்ணுவது டீயை இல்லை, கிளாஸை. ஆங்கிலத்தில் டூ காஃபீஸ், டூ ஷுகர்ஸ் என்பதும், பாட்டில் பாட்டிலாக எடுக்கிற பிளட்ஸ் என்பதும் ஆகுபெயர் ஆகும்போது எண்ணக்கூடியதாகிவிடுகின்றன என்று எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதனால் அந்தச் சொற்களை விதிவிலக்கு என்று தனியாகப் பயப்பட வேண்டாம்.

கரும்பலகை:

ஐயா, இருபது வருடமாக வகுப்பில் இதை எப்படி விளக்குவது என்று தடுமாறியிருக்கிறேன், ஆகுபெயர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஆகுபெயர் தமிழ்ப் பாடத்தில் வருகிறது, ஆங்கிலப் பாடத்தில் நாங்கள் அதைத் தொடுவதே இல்லை. இனிமேல் தொடுவேன்.

இதோடு சேர்த்து ஒரே சொல் இரண்டு அர்த்தத்தில் வருவதையும் பார்த்துவிடலாம். பேப்பர் என்றால் காகிதம், எ பேப்பர் என்றால் செய்தித்தாள் அல்லது வினாத்தாள். அயர்ன் என்றால் இரும்பு, அன் அயர்ன் என்றால் இஸ்திரிப் பெட்டி. ரூம் என்றால் இடம், எ ரூம் என்றால் அறை. டேமேஜ் என்றால் சேதம், டேமேஜஸ் என்றால் கோர்ட்டில் வாங்கும் நஷ்ட ஈடு. "ஐ ஏட் சிக்கன்" என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன், "ஐ ஏட் எ சிக்கன்" என்றால் முழுக் கோழியை. ஹேர் என்றால் தலைமுடி மொத்தமும், எ ஹேர் என்றால் சாம்பாரில் கிடக்கிற ஒற்றை முடி. எக்ஸ்பீரியன்ஸ் உனக்குக் கட்டாயம் வரும், எட்டு வருட வேலை அனுபவம் எண்ண முடியாது, "எய்ட் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்". அந்த எட்டு வருடத்தில் மறக்க முடியாத நிகழ்வுகள் எக்ஸ்பீரியன்ஸஸ்.

ஒரு எச்சரிக்கை. நாலெட்ஜ் அன்கவுண்டபிள், ஆனாலும் "எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலிஷ்" சரி. இதைப் பார்த்துவிட்டு "எ குட் ப்ராக்ரஸ்", "எ குட் வெதர்" என்று போய்விடாதே, அது கிடையாது. நாலெட்ஜ், எஜுகேஷன் போன்ற சில சொற்களுக்கு மட்டும், அதுவும் எந்த மாதிரி என்று அடைமொழி சேரும்போதுதான் இந்தச் சலுகை.

நள்ளிரவு டெப்ளாய்:

சரி, தேர்வுக்கு அது தேவை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இங்கேயே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், லெஸ், ஃபியூவர் இரண்டையும் பற்றி என்ன சொல்கிறீர்கள்? எங்கள் ரிவ்யூவில் "லெஸ் பக்ஸ்" என்று எழுதினால் திருத்துகிறார்கள்.

கரும்பலகை:

எண்ணக்கூடியதற்கு ஃபியூவர், அளக்கக்கூடியதற்கு லெஸ் என்று சொல்லித்தருகிறோம். தேர்விலும் அலுவலக எழுத்திலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஃபியூவர் பக்ஸ், லெஸ் டைம். ஆனால் இந்த விதி அவ்வளவு பழையது இல்லை. 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் ரசனைக்கு ஃபியூவர்தான் நன்றாக இருக்கிறது என்று எழுதினார். அந்த ரசனை பிறகு விதியாகக் கெட்டியாகிவிட்டது. அதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே எண்ணக்கூடியதற்கும் லெஸ் போட்டு எழுதியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டுகளில் கேஷ் கவுண்டர் பலகையில் "டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்" என்று இருந்த லெஸ் பற்றி ஓயாமல் புகார் வந்து, 2008-ல் "அப் டு டென் ஐட்டம்ஸ்" என்று மாற்றினார்கள். இரண்டு சொல்லும் வேண்டாம் என்று வழி கண்டுபிடித்துவிட்டார்கள், எனக்கு அது பிடித்தது.

உங்கள் துறையில் இன்னொன்று, கோட் அன்கவுண்டபிள், நீங்கள் எழுதுவது "சம் கோட்" அல்லது "டென் லைன்ஸ் ஆஃப் கோட்". கோட்ஸ் என்றால் சாதாரணமாகக் குறியீடுகள், ஓடிபி மாதிரி. சாஃப்ட்வேருக்கு எஸ் வேண்டாம், ப்ரோக்ராம்ஸ் என்று எழுதலாம். டேட்டா லத்தீனில் பன்மை, ஆனால் "டேட்டா இஸ்" இன்று எல்லா இடத்திலும் செல்லும்.

வார்டு நைட்ஷிஃப்ட்:

இரண்டு நாள் டியூட்டி, இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் நின்று, இதற்கு எ வருமா, எஸ் வருமா, வெறுமனே நிற்குமா என்று கேட்டேன். முதல் பத்தி எழுத இருபது நிமிடம் ஆனது, மூன்றாவது பத்தி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. மாற்றியவை:

"ஷீ வாஸ் கிவன் அட்வைஸ் ஆன் எ லோ-சால்ட் டயட் அண்ட் ரெகுலர் எக்சர்சைஸ்."
"ஷீ அண்டர்வென்ட் சர்ஜரி இன் மார்ச் அண்ட் இஸ் மேக்கிங் குட் ப்ராக்ரஸ்."
"ஷீ ஹாஸ் ஹைபர்டென்ஷன் அண்ட் அன் அலர்ஜி டு பெனிசிலின்."
"இஃப் யூ ரிக்வயர் ஃபர்தர் இன்ஃபர்மேஷன், ப்ளீஸ் காண்டாக்ட் மீ."

டயட்டுக்கு எ போட்டேன், எக்சர்சைஸுக்குப் போடவில்லை. சரியா? பிசியோதெரபிஸ்ட் மூன்று எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்தார் என்றும் ஒரு வரி எழுத வேண்டும், அங்கேதான் கை நின்றுவிட்டது.

கரும்பலகை:

எல்லாமே சரிம்மா. எ லோ-சால்ட் டயட், ஒரு குறிப்பிட்ட உணவுமுறை, எண்ணலாம். ரெகுலர் எக்சர்சைஸ், உடற்பயிற்சி என்கிற பழக்கம், எண்ண வேண்டாம். பிசியோ சொல்லிக்கொடுத்தது முழங்காலை மடக்கு, தூக்கு, நீட்டு என்று தனித்தனியாக மூன்று. அங்கே "த்ரீ எக்சர்சைஸஸ்" என்று தாராளமாக எழுது.

ஈரக்குடை:

அந்த வரியில் "டு பி டன் அட் ஹோம்" என்றும் சேர்த்துக்கொள். வாங்குகிற டாக்டருக்கு அது தேவைப்படும். அடுத்த கடிதத்தையும் இங்கே போடு, ஷிஃப்ட் முடிந்து பார்க்கிறேன்.